பயிற்சிப் பள்ளிக் குதிரைகளுக்குத் தீனியும் அவிழ்த்துவிடுதலும்: கோலாலம்பூர் வெயிலுக்கு ஏற்ற முழுமையான வழிகாட்டி

குதிரையேற்றப் பயிற்சிப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த சைஸ்களுக்காகவும் (குதிரைகளைப் பராமரிப்பவர்கள்), வார இறுதியில் லாயத்தில் கைகொடுக்க வரும் மாணவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். கோலாலம்பூர்ச் சுற்றுவட்டார லாயங்களில் பல வருடம் தீனி போட்டவன் நான். புதியவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். பாட அட்டவணையை முதலில் எழுதிவிடுகிறார்கள். அதில் எங்கே இடம் மீந்திருக்கிறதோ அங்கே தீனியையும் வெளியே விடுவதையும் சொருகுகிறார்கள்.

அந்த வரிசையை மாற்றுங்கள். முதலில் புல், அடுத்து தண்ணீரும் உப்பும், அப்புறம் அவிழ்த்துவிடும் நேரம், அதாவது குதிரையைத் திடலில் கட்டில்லாமல் விடும் நேரம். இவை நிலைத்தபின் பாடம். வாளித் தீனியை, அதாவது பெல்லட் எனப்படும் அழுத்திய உருண்டைத் தீனி போன்றவற்றை, கடைசியில் யோசித்தால் போதும்.

1. கையில் இருக்க வேண்டியவை

தொங்கவிடும் தராசு, 3 மீட்டர் துணி அளவுநாடா, சிறு கண்ணி கொண்ட புல்வலைகள், குதிரைக்கு இரண்டு தண்ணீர் வாளி, சாதாரணச் சமையல் உப்பு, மின்விசிறிகள், எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒரு வெள்ளைப் பலகை. தையல்காரர் நாடா 150 சென்டிமீட்டர்தான், குதிரையின் நெஞ்சைச் சுற்ற எட்டாது.

தராசைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். “ஒரு குவளை போடு” என்று வாயால் சொல்லிக்கொடுத்தால் அளவு ஆளுக்கு ஆள் மாறும். ஒரே குவளையில் பெல்லட் அள்ளினால் ஒரு எடை, நறுக்கிய உலர்புல் அள்ளினால் அதில் பாதிகூடத் தேறாது. ஒவ்வொரு தீனியையும் ஒருமுறை நிறுத்துப் பார்த்துக் குவளையில் கோடு போட்டுவிடுங்கள்.

2. குதிரையின் எடையைக் கணக்கிடுங்கள்

எடை தெரியாமல் தீனி அளவு சொல்ல முடியாது. முன்கால்களுக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். பிறகு தோள் முனையிலிருந்து பிட்டத்தின் முனை வரை நீளம். சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, வரும் விடையை நீளத்தால் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் கிலோவில் எடை கிடைக்கும். சுற்றளவு 180 சென்டிமீட்டர், நீளம் 160 என்றால் சுமார் 436 கிலோ. இந்தக் குதிரையையே கீழே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன்.

எண் மட்டும் போதாது, கையும் வேண்டும். ஹென்னெக் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1983-இல் வகுத்த 1 முதல் 9 வரையிலான உடல்நிலை அளவுகோலில் 5 என்பது விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாமல் விரலுக்குத் தட்டுப்படும் நிலை. நம் பள்ளிகளில் பல குதிரைகள் பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்றவை. அவை இளைப்பது நாளுக்கு நாள் பார்க்கிறவர் கண்ணில் படாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அளக்கிற ஆளையும் மாற்றாமல் அளந்து பலகையில் எழுதுங்கள்.

3. உலர்புல்லின் அளவையும் நேரத்தையும் முடிவுசெய்யுங்கள்

குதிரைக்கு நாளொன்றுக்கு உடல் எடையில் 1.5 முதல் 2 சதவீதம், ஈரம் கழித்த கணக்கில், நார்த்தீனி வேண்டும். நம் 436 கிலோ குதிரைக்கு அது 6.5 முதல் 8.7 கிலோ. உலர்புல்லில் பத்தில் ஒரு பங்கு ஈரம் இருப்பதால் தராசில் 7.3 முதல் 9.7 கிலோ காட்ட வேண்டும். வேலை செய்யும் குதிரைக்கு 9 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம்.

அளவைவிட இடைவெளி முக்கியம். குதிரையின் இரைப்பையில் இரவு பகல் பாராமல் அமிலம் ஊறிக்கொண்டே இருக்கும். அதை அடக்கும் உமிழ்நீர் மெல்லும்போது மட்டும்தான் சுரக்கும். வாயில் புல் இல்லாத ஒவ்வொரு மணி நேரமும் வெறும் அமிலம் இரைப்பைச் சுவரைத் தொடுகிறது, புண் வருகிறது. சேணம் கட்டும்போது கடிக்க வருகிற, முன்னே போக மறுக்கிற எத்தனையோ குதிரைகளை “முரட்டுக் குதிரை” என்று அடித்திருக்கிறார்கள். அவற்றில் பலவற்றுக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது.

ஆகவே நான்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் புல் இல்லாமல் விடாதீர்கள். மாலை 6 மணிக்குக் கடைசித் தீனி, காலை 7 மணிக்கு முதல் தீனி என்பது பல லாயங்களின் வழக்கம். நடுவில் 13 மணி நேரம் போகிறது. நான் பிரிப்பது இப்படி: காலை 6 மணிக்கு 2 கிலோ, 11 மணிக்கு 2 கிலோ, மதியம் 3.30-க்கு 1 கிலோ, இரவு 9 மணிக்கு 4 கிலோ. இரவுப் பங்கைச் சிறு கண்ணி வலையில் கட்டினால் மெதுவாகத்தான் உருவ முடியும், விடியும்வரை ஓடும். வலை காலியானதும் குளம்பு சிக்கும் அளவுக்குத் தொங்காமல் நெஞ்சு உயரத்தில் இறுக்கிக் கட்டுங்கள்.

புல் கட்டைத் திறந்ததும் முகர்ந்து பாருங்கள். புழுக்க வாடை வந்தாலோ, உதறும்போது வெள்ளைத் தூசி எழும்பினாலோ அந்தக் கட்டு வேண்டாம். ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் வருகிற புல்லின் விலை எனக்கும் தெரியும், தூக்கிப்போட மனம் வராது. ஆனால் பூஞ்சைத் தூசியால் இருமத் தொடங்கிய குதிரையை மாதக்கணக்கில் வேலைக்கு எடுக்க முடியாமல் போகலாம். கட்டுகளைப் பலகை மேல், சுவரில் ஒட்டாமல் அடுக்குங்கள். சாதாரணத் தூசிக்குப் பத்து நிமிடம் தண்ணீரில் முக்கி, வடித்து, உடனே போட்டால் போதும். இந்த ஊர் வெக்கையில் நீண்ட நேரம் ஊறினால் புளித்துவிடும்.

4. பச்சைப் புல்லைத் தனிக் கணக்காக வையுங்கள்

இங்கே நேப்பியர் புல் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் பச்சை நேப்பியரில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் தண்ணீர். 10 கிலோ கூடை பார்க்கப் பெரிதாக இருக்கும், உள்ளே இருக்கும் உலர்பொருள் 2 கிலோவுக்குள்தான். ஒரு கூடை பச்சைப் புல் போட்டுவிட்டு உலர்புல்லைப் பாதியாகக் குறைப்பது அடிக்கடி நடக்கும் தவறு.

இன்னொரு சிக்கல் கண்ணுக்கே தெரியாது. நேப்பியர், செத்தாரியா, கினி, ஹியூமிடிகோலா போன்ற வெப்பமண்டலப் புற்களில் ஆக்சலேட் உண்டு. அது புல்லில் உள்ள சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்ளும். குடலில் போதிய சுண்ணாம்பு கிடைக்காத குதிரை தன் எலும்பிலிருந்து எடுக்கத் தொடங்கும். முகத்தெலும்பு வீங்கும், அடி குறுகும், காரணம் தெரியாமல் கால் மாறி மாறி நொண்டும். இதைப் பெரிய தலை நோய் என்பார்கள். இதோடு தினமும் தவிடும் போட்டால் நிலைமை மோசமாகும். தவிட்டில் பாஸ்பரஸ் மிகுதி, சுண்ணாம்புச் சத்து சொற்பம். மொத்தத் தீனியில் பாஸ்பரஸைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு சுண்ணாம்புச் சத்து இருக்க வேண்டும்.

உலர்புல்லை அடிப்படையாக வைத்து, பச்சைப் புல்லைக் கொஞ்சமாகச் சேர்த்து, நாளுக்கு ஒரு கிலோ லூசர்ன் (குதிரைமசால்) கொடுப்பது எளிய வழி. லூசர்னில் சுண்ணாம்புச் சத்து நிறைய. பச்சைப் புல்லே பெரும்பங்கு என்றால் கால்நடைத் தீவனத் தரத்துக் கால்சியம் கார்பனேட் எவ்வளவு என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு வேறு பொருள், வாயையும் குடலையும் வேகவைத்துவிடும். அதைத் தீனியில் கலக்கப் போனவரை நான் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறேன்.

புல்வெட்டும் இயந்திரம் கக்கிய குப்பைப் புல்லை ஒருபோதும் போடாதீர்கள். நான் முதலில் வேலைபார்த்த இடத்தில், பக்கத்துத் திடலில் வெட்டிய புல்லைச் சாக்கில் கட்டி அன்போடு கொண்டுவந்து கொட்டினார் ஒருவர். சாக்குக்குள் கை விட்டால் சூடு. பொடியாக வெட்டிய புல் குவிந்து கிடந்தால் சில மணி நேரத்தில் நொதிக்கும், குதிரை மெல்லாமல் விழுங்கும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போன வாயு வெளியேற வழியில்லாமல் அன்றிரவு ஒரு குதிரை புரண்டு புரண்டு துடித்தது. மருத்துவர் வந்து குழாய் விட்டபின்தான் பிழைத்தது. அன்றிலிருந்து வெளியார் கொண்டுவரும் எந்தத் தீனியும் நான் பார்க்காமல் லாயத்துக்குள் போனதில்லை.

5. தண்ணீரும் உப்பும்

நாளுக்கு 25 முதல் 50 லிட்டர் வரை குடிக்கும், வேலையும் வெயிலும் சேர்ந்தால் இன்னும் கூடும். இரண்டு வாளி வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஒன்று கவிழ்ந்தாலோ அழுக்கானாலோ மற்றொன்று இருக்கும். காலையில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதும் தெரியும்.

குதிரையின் வியர்வையில் உப்பு அதிகம். சும்மா நிற்கும் குதிரைக்கே நாளுக்கு 25 கிராம் உப்பு வேண்டும். பாடத்துக்குப் போய் நனைந்து வரும் குதிரைக்கு 50 கிராம் வரை தீனியில் கலக்கிறேன். நக்கும் உப்புக்கட்டி மட்டும் போதாது. மாட்டின் நாக்கைப்போல் குதிரை நாக்கு சொரசொரப்பானதல்ல, தேவையான அளவு வழித்தெடுக்க அதனால் முடிவதில்லை.

6. அவிழ்த்துவிடும் நேரத்தைப் பாடத்துக்கு முன்பே குறியுங்கள்

வெளியே விடுவதைச் சும்மா கிடைத்த ஓய்வாக நினைக்காதீர்கள். நாள் முழுக்கக் கொட்டிலில் நின்ற குதிரைக்குக் குடலசைவு குறையும், கால் வீங்கும், தேக்கிவைத்த துடிப்பெல்லாம் முதல் பாடத்தில் குழந்தை முதுகில் இருக்கும்போது வெளிப்படும். தினமும் குறைந்தது இரண்டு மணி நேரம் என்று நான் வைத்திருக்கிறேன். கூடுதல் கிடைத்தால் நல்லது.

நம் ஊரில் எந்த நேரம் என்பதுதான் கேள்வி. நடுப்பகலில் 32, 33 டிகிரி வெயிலும் புழுக்கமும். கூடவே இரத்த ஒட்டுண்ணியால் வரும் சுர்ரா நோயைக் கடத்தும் பெரிய குதிரை ஈக்கள் பகல் சூட்டில் சுறுசுறுப்பாக இருக்கும். பிற்பகலில் இடிமழை. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கில் மதியத்துக்குப் பிறகு வானத்தை நம்பவே முடியாது. பொழுது சாயும்போதும் விடியும்போதும் அகாஸ் என்று நாம் சொல்லும் பொடிப்பூச்சிகளின் உச்ச நேரம். அவற்றின் கடியால் பிடரியும் வால் அடியும் அரித்துப் புண்ணாகும். 2020-இல் தாய்லாந்திலும் அதே ஆண்டு மலேசியாவிலும் வந்த ஆப்பிரிக்கக் குதிரை நோயைக் கடத்துவதும் அந்த இனப் பூச்சிதான்.

இவற்றையெல்லாம் கழித்தால் இரண்டு நேரம்தான் மிஞ்சும்: காலை 7.45 முதல் 10.30 வரை, இரவு 9 முதல் விடியலுக்குச் சற்று முன்வரை. பாடம் நடத்தவும் காலைதான் ஏற்றது என்பதால் இங்கேதான் மோதல். குதிரைகளை இரண்டு அணியாகப் பிரியுங்கள். காலைப் பாடத்துக்குப் போகும் அணி இரவில் வெளியே, மாலைப் பாடத்து அணி காலையில் வெளியே. வாரத்துக்கு ஒருமுறை அணியை மாற்றுங்கள். இரவுக் காவலும் வேலியும் சரியில்லாத இடத்தில் இரவு அணியே வேண்டாம். காலை நேரத்தைப் பாதியாகப் பிரித்துக் கொள்ளுங்கள். மாலை 7 முதல் 8.30 வரை எல்லாக் குதிரையும் உள்ளே, மின்விசிறி முழு வேகத்தில். காற்றடிக்கும் இடத்தில் அந்தப் பூச்சியால் பறக்க முடியாது.

இடி கேட்டால் அல்ல, வானம் கறுக்கும்போதே உள்ளே கொண்டுவரத் தொடங்குங்கள். பத்துக் குதிரையை ஒவ்வொன்றாக நடத்திவர அரை மணி ஆகும். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் யாரும் திடலுக்குப் போகக் கூடாது. புகைமூட்ட நாள்களில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் நான் பாடத்தை நிறுத்திவிட்டு, நடை மட்டும் வைத்துக்கொள்வேன். தீபாவளி, சீனப் புத்தாண்டுப் பட்டாசு இரவுகளில் வெளியே விடாதீர்கள்.

7. திடலைச் சுற்றி நடந்து பாருங்கள்

தினமும், முதல் குதிரை வெளியே போவதற்கு முன். முள்கம்பி, தளர்ந்த கட்டை, ஆணி, பிளாஸ்டிக் பை, பள்ளம், தண்ணீர்த் தொட்டி.

வேலியோரச் செடிகளை இலை இலையாகப் பாருங்கள். அரளி நம் சாலையோரமெங்கும் அழகுக்கு நட்டிருக்கிறார்கள். ஒரு கைப்பிடி இலையே ஒரு குதிரையின் இதயத்தை நிறுத்தப் போதும், காய்ந்த இலையிலும் நஞ்சு குறையாது. உண்ணிச்செடியும் ஆமணக்கும் அப்படியே பிடுங்கி எறிய வேண்டியவை. பக்கத்துத் தோட்டக்காரர் கழித்த கிளையை வேலிக்கு மேலே வீசுவதும் நடக்கும். அவரிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள்.

லத்தியைத் தினமும் அள்ளுங்கள். சூடும் ஈரமும் உள்ள இடத்தில் புழு முட்டைகள் சில நாளிலேயே தொற்றும் நிலைக்கு வளர்ந்துவிடும். மணல் திடலாக இருந்தால் புல்லைத் தரையில் கொட்டாதீர்கள், ரப்பர் விரிப்பின் மேல் போடுங்கள். மணல் வயிற்றில் சேர்வதைக் கண்டுபிடிக்க லத்தி இரண்டு உருண்டையை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து வையுங்கள், அடியில் மணல் தங்கினால் தெரிந்துவிடும்.

8. அவிழ்த்துவிடும் முறை

வெறும் வயிற்றோடு அவிழ்த்துவிடாதீர்கள். முன்பே கொஞ்சம் உலர்புல் தின்ற குதிரை ஓட்டம் எடுக்காமல் தலை குனிந்து நிற்கும். வாயிலுக்குள் நுழைந்ததும் குதிரையைத் திருப்பி, அதன் முகம் வாயிலைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். நீங்கள் வாயிலுக்கும் குதிரைக்கும் நடுவே நின்று தலைக்கயிற்றைக் கழற்றிவிட்டு ஓரடி பின்வாங்குங்கள். அப்போது அது துள்ளித் திரும்பி உதைத்தாலும் உதை உங்கள் மேல் படாது. பிட்டத்தில் தட்டி விரட்டும் பழக்கம் வேண்டவே வேண்டாம். நான் பார்த்த மோசமான உதைகள் இரண்டும் அப்படி வாங்கியவை.

ஒரு திடலில் மூன்று குதிரை என்றால் நான்கு குவியல் புல், இரண்டு குதிரை நீள இடைவெளியில். ஒதுங்கிப் போகிற குதிரைக்கும் எப்போதும் ஒரு குவியல் மிஞ்ச வேண்டும். வாயிலருகே கையால் எதையும் ஊட்டாதீர்கள், அங்கேதான் சண்டை வரும்.

பந்தயத்திலிருந்து வந்த குதிரைக்குத் திறந்த வெளி பழகியிருக்காது. சிறிய திடலில், வேலிக்கு அப்பால் சாதுவான ஒரு குதிரை நிற்க, முதல் நாள் 15 நிமிடம். தினமும் சிறிது கூட்டி இரண்டு வாரத்தில் முழு நேரத்துக்கு வரலாம்.

9. வாளித் தீனியைக் கடைசியில் சேருங்கள்

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பெரியவர் தினமும் சொல்வார்: “தம்பி, முதல்ல புல்லு, அப்புறம்தான் வாளி.” இரைப்பையின் கொள்ளளவு 8 முதல் 15 லிட்டர்தான். பசியோடு பெல்லட்டை விழுங்கினால் மாவுச்சத்து செரிக்காமல் பின்குடலுக்குப் போய் அமிலமாகும். வயிற்றுவலியும் குளம்பு அழற்சியும் அங்கிருந்து தொடங்குபவை. புல் போட்டு அரை மணி கழித்து வாளியை வையுங்கள்.

ஒரு வேளைக்கு 2 கிலோவைத் தாண்டவே கூடாது. இலேசான பாடத்துக்குப் போகும் நம் 436 கிலோ குதிரைக்கு வேளைக்கு ஒரு கிலோ, நாளுக்கு இரண்டு வேளை போதும். இளைத்தால் பெல்லட்டைக் கூட்டும் முன் புல்லைக் கூட்டுங்கள், பல்லையும் புழுவையும் பாருங்கள். அப்புறமும் தேறவில்லை என்றால் 50 மில்லி சோயா எண்ணெயில் தொடங்கி மெல்லக் கூட்டலாம்.

கொள்ளு பற்றி நம்மவர்கள் அவசியம் கேட்பார்கள். “கொள்ளு என்றால் வாயைத் திறக்கும்” என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். வெறும் கொள்ளு கெட்டியான தானியம், ஊறவைத்து வேகவைக்காமல் கொடுக்கக் கூடாது. வெந்தது இந்த வெக்கையில் சீக்கிரம் கெடும். தரமான பெல்லட் கிடைக்கும் இடத்தில் அதற்குத் தேவையில்லை.

எந்தத் தீனியை மாற்றினாலும், புதுப் புல் கட்டானாலும், 7 முதல் 14 நாளில் பழையதோடு கலந்து மாற்றுங்கள். குடலில் உள்ள நுண்ணுயிர்கள் புதியதற்குப் பழக அவ்வளவு நாள் வேண்டும்.

10. பாடத்துக்கு முன்னும் பின்னும்

வாளித் தீனிக்குப் பிறகு இரண்டு மணி நேரம் வேலை கூடாது. அதனால் காலை 8 மணிப் பாடத்துக் குதிரைக்குக் காலையில் வாளியே கிடையாது, பாடம் முடிந்து, 11 மணிப் புல்லுக்கு அரை மணி கழித்துத்தான். ஆனால் ஏறுவதற்கு அரை மணி முன் இரண்டு கைப்பிடி நறுக்கிய லூசர்ன் கொடுங்கள். இரைப்பையில் மிதக்கும் அந்த நார், ஓட்டத்தில் அமிலம் மேலே தெறிப்பதைத் தடுக்கும்.

பாடம் முடிந்ததும் தண்ணீர் காட்டலாம். சூடாக இருக்கும் குதிரைக்குத் தண்ணீர் தரக் கூடாது என்பது பழைய நம்பிக்கை. தாகத்தோடு நிறுத்திவைப்பதுதான் கெடுதல். நிழலில் நிறுத்தி மேலே தண்ணீரை விடாமல் ஊற்றிக்கொண்டே இருங்கள், மூச்சு இறங்கும்வரை.

பாடம் முடிந்து வரும் குதிரை வியர்க்காமல் உலர்ந்து, மூச்சு மட்டும் வாங்கினால் கவனியுங்கள். இந்த ஊர்ப் புழுக்கத்தில் சில குதிரைகளுக்கு வியர்வையே நின்றுபோகும். அப்படிப்பட்டதை அன்றே பாடத்திலிருந்து எடுத்து, விசிறிக்குக் கீழே விட்டு, மருத்துவரிடம் காட்டுங்கள்.

11. இரவு 9.30 மணிச் சுற்று

விளக்கை அணைக்கும் முன் ஒவ்வொரு கொட்டிலிலும் ஒரு நிமிடம் நில்லுங்கள். நாளுக்கு 8 முதல் 12 தடவை லத்தி போட வேண்டும், குறைந்திருந்தால் பலகையில் குறியுங்கள். புல்லைத் தொடாமல் நிற்பது, முன்காலால் தரையைக் கீறுவது, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, படுத்துப் புரள்வது, காரணமில்லாமல் வியர்ப்பது எல்லாம் வயிற்றுவலியின் அடையாளம்.

தாடையடியில் நாடி பாருங்கள். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 இருக்க வேண்டும், 60-ஐத் தாண்டினால் அவசரம். தீனியை எல்லாம் எடுத்துவிட்டு, மருத்துவரை அழைத்து, நாடியையும் கடைசியாக லத்தி போட்ட நேரத்தையும் அன்று தின்றதையும் சொல்லுங்கள். அவர் சொல்லாமல் எந்த மருந்தும் கொடுக்காதீர்கள், வலி மறைந்து நோய் தெரியாமல் போகும். மருத்துவர் எண்ணைப் பலகையின் மேல்முனையில், அழிக்க முடியாத மையில் எழுதிவையுங்கள்.